கால் எடுத்த இடம்

என் தங்கை புருஷன் உலகத்திலேயே வேகமான ஆட்களில் ஒருவர். உட்கார்ந்த இடத்தில் மட்டும்.

இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவருடைய வேலையே அதுதான். நாங்கள் இருவரும் ஒரே ரேஸ் கம்பெனியில் இருக்கிறோம். ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் ஓடுகிற பெரிய ரேஸ். நான் மெக்கானிக். காரின் பின்பக்கம் என் பொறுப்பு. பின் சக்கரங்களைத் தாங்குகிற கம்பிகள், மூட்டுகள், அவற்றைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் எல்லாம் என் கை பட்டுத்தான் வெளியே போகும். மாப்பிள்ளை ஃபேக்டரியில் ஓர் இருட்டு அறையில் சிமுலேட்டர் ஓட்டுகிறார். வளைந்த பெரிய திரை, அதற்கு முன்னால் சக்கரமே இல்லாத ஒரு கார். நிஜக் காரில் எதை மாற்றுவதென்றாலும் முதலில் கம்ப்யூட்டரில் மாற்றி அவரை ஓட்டச் சொல்வார்கள். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவார். எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ரூம் சாம்பியன்.

இதே மனிதர் கடைத்தெருவில் சொந்தக் காரை நிறுத்துவதற்குள் நமக்குப் பசி எடுத்துவிடும். முன்னால் போவார், பின்னால் வருவார், இறங்கிப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். "மாப்ள, நடந்தே வந்திருக்கலாம்" என்பேன். "வண்டியோட நீளம் உங்களுக்குத் தெரியாது மச்சான், பேசாம இருங்க" என்பார்.

இந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. ஒரு டிரைவர் தோற்றுவிட்டால் அடுத்த கம்பெனி டிரைவரைக் காட்டி அவரைக் குறை சொல்ல முடியாது. அவன் கார் நல்ல கார் என்று சொல்லித் தப்பித்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலும் இரண்டு டிரைவர்கள், இருவருக்கும் அச்சில் வார்த்தது போல ஒரே கார். அங்கே சாக்குச் சொல்ல வழியில்லை. அதனால் பக்கத்துக் காரில் இருப்பவன்தான் முதல் போட்டி. இருவரில் யார் வேகம், காரில் ஒன்றை மாற்றினால் யார் சீக்கிரம் பழகிக்கொள்கிறார் என்று நிறுத்துப் பார்ப்பதே ஒரு தனி வேலை. அந்தத் தராசு மாப்பிள்ளை கையில் இருந்தது.

எங்கள் டிரைவர்களைப் பெரியவர், சின்னவர் என்போம். இருவரும் அவ்வப்போது சிமுலேட்டரில் வந்து ஓட்டுவார்கள். பிறகு மாப்பிள்ளை அதே மாற்றத்தோடு ஓட்டுவார். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தார்கள் என்பது ஒரு கோடாக வரும். முழுசாக மிதித்தால் கோடு மேலே இருக்கும், காலை எடுத்தால் கீழே விழும். கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்த வளைவில் யாருக்குத் தைரியம், யாருக்கு உதறல் என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மாப்பிள்ளையின் கோடு பல நாள் சின்னவரின் கோட்டை விட மேலே இருந்தது. சின்னவரைப் பற்றி அவர் மேலிடத்துக்குச் சொன்னது இது: வேகம் உண்டு, ஆனால் பழகுவதற்கு நேரம் எடுக்கிறார்.

வீட்டில் இன்னும் தாராளமாகச் சொல்வார். "அவன் இடத்துல என்னை உட்கார வச்சா தெரியும்" என்பார். தங்கை வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். குட்டி சிரிக்க மாட்டாள். குட்டி என்பது அவர்கள் மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அப்பா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. எங்கப்பா சின்னவரை விட ஃபாஸ்ட் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அப்பாவுக்கும் மகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விளையாட்டு. கம்பெனியில் பழைய வருஷத்துக் கோடுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்கள். மாப்பிள்ளை அதில் இரண்டைப் பெயர் இல்லாமல் ஒரே தாளில் அச்சடித்துக்கொண்டு வருவார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். குட்டி அதைப் பார்த்து, யார் எப்படி ஓட்டியிருக்கிறார் என்று கோட்டுக்குக் கீழே பென்சிலால் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் பெயர் சொல்வார். கால் எடுத்தவனைக் கண்டுபிடித்தால் அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "இவனுக்கெல்லாம் எதுக்குப்பா காரு?" என்று அந்தச் சின்ன வாய் கேட்பதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு கடுப்பு இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் அப்பா டெலிவரி வேன் ஓட்டியவர். மகனுக்குச் சின்ன வயதிலேயே ரேஸ் பைத்தியம் பிடிக்க, மனுஷன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவரைச் சின்னக் கார்களில் ஓடவிட்டார். பையன் நன்றாகத்தான் வந்தான். இளைஞர் அணி வரைக்கும் போனான். அங்கே இவரோடு ஓடிய இன்னொருவனும் இவரும் சமமாக இருந்தார்கள், மேலே போக ஒரு இடம்தான் இருந்தது. கடைசியாக ஒரு மழை நாளில் இருவரையும் ஓட்டச் சொன்னார்கள். இடம் மற்றவனுக்குப் போனது. "அன்னைக்கு மட்டும் என் கார் சரியா இருந்திருந்தா..." என்று மாப்பிள்ளை தொடங்கினால் தங்கை பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள். எனக்கே மனப்பாடம். ஆனால் நான் அதை நம்பினேன். மெக்கானிக் தப்புப் பண்ணினால் டிரைவர் தலையில்தானே விடியும் என்று அவருக்காக வருத்தப்பட்டும் இருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். சீசன் நடுவில் டயர் சோதனைக்கு ஒரு நாள் ஒதுக்குவார்கள். அன்று காலை சிமுலேட்டர் ஓட்டுகிறவருக்கு நிஜக் காரைக் கொடுப்பார்கள். மத்தியானம் அதே காரில் சின்னவர் ஏறுவார். திரையில் வருகிற கார் நிஜக் காரைப் போலவே நடக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளைக்கு அது பெண் பார்க்கப் போகிற நாள் மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதம் எடையைக் குறைத்தார். கழுத்துக்குப் பயிற்சி செய்தார். குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டார்கள். தங்கை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

காரின் பின்பக்கத்தை நானே பூட்டினேன். என் வீட்டு மாப்பிள்ளை உட்காரப்போகிற கார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

கேரேஜில் எல்லோருக்கும் ஹெட்போன் உண்டு, டிரைவர் பேசுவது அத்தனை பேருக்கும் கேட்கும். குட்டிக்கும் ஒன்று மாட்டிவிட்டோம். தலையை விட ஹெட்போன் பெரிதாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை ஹெல்மெட்டோடு காருக்குள் இறங்கும்போது அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். கார் சீறிக்கொண்டு வெளியே போனது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

முதல் சுற்று மெதுவாக வந்தது. சரி, எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டாவதும் மெதுவாகத்தான். மூன்றாவதும் அப்படியே. அன்று குறுக்குக் காற்று பலமாக இருந்தது. இருட்டு அறையில் காற்று அடிக்காது. அங்கே ஒரே வளைவு ஆயிரம் தடவை வந்தாலும் ஒரே மாதிரிதான் வரும். இங்கே ஒவ்வொரு தடவையும் காரை எதுவோ பிடித்துத் தள்ளியது. அவர் காலை எடுத்தார். இந்த டயர்கள் வேகமாகப் போனால்தான் சூடாகும், சூடானால்தான் ரோட்டைப் பிடிக்கும். கால் எடுத்தால் டயர் ஆறும், ஆறினால் நழுவும், நழுவினால் மறுபடி கால் எடுக்கத் தோன்றும். அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டார். இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன், அப்போது எங்களுக்கு நேரம் மட்டும்தான் தெரிந்தது. கேரேஜில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

அப்போதுதான் ஹெட்போனில் அவர் குரல் வந்தது.

"பின்பக்கம் ஏதோ லூஸா இருக்கு. கார் நழுவுது. சரியா பூட்டினாங்களான்னு பார்க்கச் சொல்லுங்க."

யார் பூட்டியது என்று அவருக்குத் தெரியும். கார் உள்ளே வந்ததும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் ஸ்பானரில் இறுக்கம் போதும் என்றால் கிளிக் என்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு போல்ட்டாக வைத்து அழுத்தினேன். வைத்த உடனே கிளிக். அடுத்ததும் கிளிக். ஒன்றுகூட இம்மி நகரவில்லை. நான் பூட்டியது பூட்டியபடி இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. தூரத்தில் நின்றவர்கள் பார்த்ததெல்லாம் நான் தோளைக் கொடுத்து அழுத்துவதைத்தான். மாப்பிள்ளை அதற்குமேல் ஓட்ட விரும்பவில்லை.

மத்தியானம் சின்னவர் அதே காரில் ஏறினார். அதே காற்று. முதல் சுற்றில் கொஞ்சம் தடுமாறினார். இரண்டாவது சுற்றில் மாப்பிள்ளையை விடக் கிட்டத்தட்ட மூன்று விநாடி வேகம். இந்தத் தொழிலில் மூன்று விநாடி என்றால் வேறு தொழில் பார்க்கலாம் என்று அர்த்தம்.

பழகுவதற்கு நேரம் எடுக்கிறவர் என்று யாரைச் சொன்னாரோ, அவர்.

சின்னவர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராக மாப்பிள்ளையிடம் வந்தார். பக்கத்தில் தங்கையும் குட்டியும் நின்றார்கள். அவர் குட்டியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "பின்னாடி இறுக்கிட்டாங்க இல்லண்ணே, இப்ப நல்லா இருக்கு. நீங்க ஓட்டினப்போ ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்."

நல்ல மனசு. அவருக்கு உண்மை தெரியும் என்று இன்றுவரை நினைக்கிறேன். ஒரு குழந்தை முன்னால் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றினார். அந்த நல்ல மனசு அப்படியே உருண்டு வந்து என் தலையில் விழுந்தது.

சீஃப் மெக்கானிக் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அடுத்த ரேஸுக்கு நீ வர வேண்டாம். ஃபேக்டரியிலயே இரு, அப்புறம் பார்க்கலாம்."

"சீஃப், ஒரு போல்ட்கூட அசையல. வச்ச உடனே கிளிக் அடிச்சுது."

"நீ முறுக்கினதை எல்லாரும் பார்த்தாங்களேப்பா. அதுக்கப்புறம் கார் பறக்குது. நான் என்னன்னு நினைக்கறது?"

கை பட்ட இடத்தில் தப்பு என்று ஒரு மெக்கானிக்கைச் சொல்வதற்குப் பதில் கன்னத்தில் அறைந்துவிடலாம். மாப்பிள்ளை நான்கு அடி தள்ளித்தான் நின்றார். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டிக்குள் எறிந்தேன்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் குட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன் மாமா, ஒழுங்கா முறுக்க மாட்டீங்களா? அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் கையிலிருந்து கார்ச் சாவி கீழே விழுந்தது. குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் ஆனது. நான் என்ன சொல்வது? "இனிமே பார்த்து முறுக்கறேன்மா" என்றேன். அதைச் சொல்லும்போது நாக்கு கூசியது.

அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஃபேக்டரியில் என்னைக் கண்டால் இளசுகள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் என் பின்னால் கிளிக் கிளிக் என்று வாயால் சத்தம் கொடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். இருட்டு அறையின் கதவைத் தாண்டும்போதெல்லாம் எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவர் சரியாவே சாப்பிடறதில்ல. காரை எடுக்கறதே இல்ல, பஸ்ல போறார் பஸ்ல வர்றார். குட்டி பேச வந்தா எழுந்து போயிடறார். என்னண்ணே ஆச்சு?"

"எங்கேயாவது போல்ட் லூஸா இருக்கும். நல்லாப் பாரு" என்று வைத்துவிட்டேன். அவள் என்ன பாவம் செய்தாள் என்று பிறகு தோன்றியது, ஆனாலும் திருப்பிக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை சீஃப் கூப்பிட்டார். "துணிமணி எடுத்து வை. ரேஸுக்கு வர்றே."

"என்ன சீஃப் திடீர்னு?"

அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். காலைக் கூட்டத்தில் மாப்பிள்ளை தானாக எழுந்தாராம். அன்று ஓட்டிய இரண்டு கோட்டையும் பெரிய திரையில் போடச் சொன்னாராம், சின்னவர் உட்பட அத்தனை பேர் முன்னாலும். மற்றவர்களைப் பற்றி எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரலில் தன்னைப் பற்றிச் சொன்னாராம். இங்கே கால் எடுத்திருக்கிறார், இங்கே எடுக்கத் தேவையில்லை, இங்கே பாதிதான் மிதித்திருக்கிறார், வேகம் போதாது, பழகவில்லை. காரில் ஒரு குறையும் இல்லை. கார் நழுவியது டயர் ஆறியதால், டயர் ஆறியது ஓட்டியவர் பயந்ததால். சின்னவரைப் பற்றித் தான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாராம். சின்னவர், "விடுங்கண்ணே" என்றாராம்.

"எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா. உன்கிட்டயும் தப்பாப் பேசிட்டேன்" என்றார் சீஃப். "அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமான்னு கேட்டார். இந்த வருஷக் கோடு, தரக்கூடாது. எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது மாப்பிள்ளை மேல் இரக்கம் வரவில்லை. குஷியாக இருந்தது. ஞாயிறு காலை குளித்து முடித்து, அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறார் பார்ப்போம் என்றே கிளம்பிப் போனேன்.

சமையலறை மேஜையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை அடுப்பில் முட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "வாங்க மச்சான், உட்காருங்க" என்றார். நான் வருவேன் என்று காத்திருந்தவர் போல இருந்தது. குட்டி என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள், இன்னும் கோபம் போகவில்லை. மாப்பிள்ளை மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று.

எனக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்த கை அப்படியே நின்றது.

குட்டி பென்சிலைக் காதோரம் வைத்துக்கொண்டு குனிந்தாள். நீலக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "இவர் சூப்பர்ப்பா. முதல்ல கொஞ்சம் பார்க்கறார், அப்புறம் மிதிச்சுட்டுப் போயிட்டே இருக்கார்." நன்றாக ஓட்டுகிறார் என்று எழுதினாள். சிவப்புக்கு வந்தாள். விரல் போகப் போகச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய சிரிப்பு, ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு.

"ஐயோ, அப்பா, இங்க பாரேன். நேர் ரோட்டுலகூட கால் எடுக்கறார்! இங்க பாரு, இங்கயும்! இவருக்கெல்லாம் எதுக்குப்பா ரேஸ் காரு? பஸ்ல போகச் சொல்லு!"

அடுப்புப் பக்கம் தங்கையின் கை நின்றது. மாப்பிள்ளை சிரிக்க முயன்றார், பாதியில் முகம் சுண்டிப்போனது. குட்டி அதைக் கவனிக்கவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, அழுத்தி, பெரிய எழுத்தில் பயந்தாங்கொள்ளி என்று எழுதினாள்.

"சரி, எழுதிட்டேன். யார் யாருன்னு சொல்லு."

"நீலம் சின்னவர்."

"சிவப்பு?"

மாப்பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தார். ஆபீசில் அத்தனை பேர் முன்னால் சொன்ன மனிதர் இங்கே தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"சிவப்பு அப்பாம்மா."

அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "போல்ட் லூஸா இருந்தப்போ ஓட்டினதா?"

"போல்ட் லூஸா இல்ல. மாமா பூட்டினது சரியாத்தான் இருந்துச்சு. அப்பா பயந்துட்டேன். பயந்ததைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு, கார் மேல பழியைப் போட்டேன். அது மாமா மேல போச்சு. நீ அவரைத் திட்டினப்பகூடச் சும்மா நின்னேன்."

முட்டை கருகுகிற வாசனை வந்தது. மாப்பிள்ளை மேஜையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கென்று இல்லாமல், "அந்த மழை நாள்லகூட கார் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. இருபது வருஷமாக அவரைத் தூக்கி நிறுத்திய ஒரே கதை அது. வேடிக்கை பார்க்கப் புறப்பட்டு வந்தேனே என்று எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. "மாப்ள, விடுங்க, போதும்" என்றேன். அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை.

குட்டியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சட்டென்று பென்சில் பெட்டியைத் திறந்து ரப்பரைத் துழாவி எடுத்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே வைத்து அழுத்தித் தேய்க்கப் போனாள்.

மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதம்மா. கோட்டைப் பார்த்துத்தானே எழுதினே? சரியாத்தான் எழுதியிருக்கே."